முந்நூறாவது துணுக்கு

மார்ச் 3

அண்ணனுக்கு,

மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். சமாதானத்துக்காக இல்லை. "விருந்தாளி மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை வந்துட்டுப் போறவனுக்கு அப்பான்னு பேரா?" என்று என் பெண்ணை வைத்துக்கொண்டே நீங்கள் கேட்டது எனக்கு மறக்கவில்லை. ஒரு உதவி வேண்டும். அதற்கு மட்டும்தான் இந்தக் கடிதம்.

அவருடைய கப்பல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதி, புயல் நெருங்குகிறது என்று கப்பலிலிருந்து தகவல் வந்திருக்கிறது. அதோடு சரி. கம்பெனியில் கேட்டால், "தொடர்பு இல்லைன்னுதான் சொல்றோம்மா, மூழ்கிடுச்சுன்னு சொல்லலையே" என்கிறார் ஒருவர். அதை ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்கிறார். எந்த நேரமும் கூப்பிடுவோம், லைனை விட்டு வையுங்கள் என்றதால் வீட்டில் போனை யாரும் தொடுவதில்லை. பகலில் பக்கத்து வீட்டு டீச்சரம்மா காவல்.

பல்செட் செய்யும் பட்டறைக்கு நான் வழக்கம்போல வேலைக்குப் போகிறேன். போகாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும். நேற்று ஒருவருடைய கீழ்த்தாடையில் மேல்வரிசைப் பற்களை அடுக்கி மெழுகும் வைத்துவிட்டேன். முதலாளி வாங்கிக்கொண்டு போய்ப் பிரித்தார்.

உங்கள் மருமகள்தான் பிரச்சினை. "பொண்ணு மாங்காவே கதின்னு கிடக்கிறா" என்று வேலையிடத்தில் சொன்னேன். "பன்னெண்டு வயசுல அவ்வளவு புளிப்பு ஆகாது, பல் கூசும்" என்றார்கள். நான் சொன்ன மாங்கா, நீங்கள் வேலை செய்கிற பதிப்பகம் தமிழில் போடுகிற அந்த ஜப்பான் கடற்கொள்ளைக்காரப் படக்கதைதான், வேறென்ன. தொண்ணூற்று மூன்று புத்தகத்தையும் தரையில் பரப்பி வைத்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் நீங்கள் எழுதும் 'கப்பல் துணுக்குகள்' அத்தனையும் நம்பர் போட்டு நோட்டில் எழுதியிருக்கிறாள். நாம் பேசாத மூன்று வருடமும் அது நிற்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

இப்போது திரும்பத் திரும்பப் படிப்பது முந்நூறாம் நம்பரை மட்டும். 'இந்தக் கப்பலில் ஏறிய ஒன்பது பேரில் ஒருவரைக்கூடச் சாகவிட மாட்டேன் என்று ஆசிரியர் முதல் புத்தகத்திலேயே வாசகர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.' அந்த ஒன்பது பேரில் எஞ்சின் பார்க்கிறவன் திருப்புளி. "அது நான்தான், வரைஞ்சவர் என்னைப் பார்த்துத்தான் வரைஞ்சிருக்காரு" என்று இவர் ஒவ்வொரு லீவிலும் அளந்து வைத்திருக்கிறார். இவரும் கப்பலில் எஞ்சின் அறை மெக்கானிக் என்பதால் அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. திருப்புளியைப் பற்றிப் புத்தகத்தில் வராத துணுக்குகள் ஏதாவது எழுதி அனுப்புங்கள். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

தங்கை

மார்ச் 6

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்கவே பயந்தேன். பிரித்த பிறகு வேறு பயம். மாப்பிள்ளையைப் பற்றி நான் சொன்னதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டால் சந்தர்ப்பம் பார்த்துக் கேட்டதாக ஆகிவிடும். கேட்காமலும் இருக்க முடியவில்லை. இதை நீ எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

மருமகளுக்குத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நீயும் படிக்கலாம். திருப்புளிக்கு முதலில் வைத்த வேலை சமையல். மீனை ஒழுங்காக வரைய வராததால் ஆசிரியர் அவனை எஞ்சினுக்கு மாற்றினார். பன்னிரண்டாம் புத்தகம் வரை கப்பலின் உள்படிக்கட்டில் ஏழு படிகள், பதின்மூன்றிலிருந்து எட்டு. வாசகர்கள் பிடித்துக்கொண்டதும், "அந்த எட்டாவது படியைத் திருப்புளி நேற்றுதான் அடித்தான்" என்று பதில் எழுதினார். கேப்டனம்மா அரைப்புருவத்தின் கதையும் அப்படித்தான்: இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு புருவத்தைப் போட மறந்துபோனார், அதை மறைக்க ஒரு தீ விபத்தையே எழுத வேண்டியதாயிற்று. ஐந்து வருடத்தில் முடிப்பேன் என்று தொடங்கிய மனிதர், இருபத்திரண்டு வருடமாக முடித்துக்கொண்டிருக்கிறார்.

இவை எல்லாம் சரிபார்த்தவை என்று அவள் தாளிலும் எழுதியிருக்கிறேன்.

தொண்ணூற்று நான்காம் புத்தகம் கொஞ்சம் தாமதமாகும் போலிருக்கிறது. அச்சில் ஏதோ சிக்கல். அவளிடம் சொல்லிவிடு. அவள் ஒரே துணுக்கைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டாம் என்றும் சொல். நோட்டில்தான் நானூறு சொச்சம் இருக்கிறதே.

கம்பெனி ஏதாவது சொன்னால் உடனே எழுது.

அண்ணன்

மார்ச் 9

அண்ணா,

உன் தாள் வந்த அன்று ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டாள். எட்டாவது படியை நினைத்து நினைத்துச் சிரித்தாள். எனக்கும் அன்று கொஞ்சம் மூச்சு வந்தது.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் கேட்டாள்: "மாமா முந்நூறைப் பத்தி ஏன் ஒண்ணுமே எழுதலை? எல்லாம் சரிபார்த்ததுன்னு எதுக்குத் தனியா எழுதியிருக்காரு? அப்போ சரிபார்க்காததும் இருக்கா?"

நான் அதட்டி உட்கார வைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

புத்தகக் கடைக்காரரிடம் கேட்டிருக்கிறாள். தாமதம் எதுவும் இல்லையாம், இருபதாம் தேதி வருகிறதாம், விளம்பரத் தாளே ஒட்டியிருக்கிறார். எதற்குப் பொய் சொன்னாய்? உனக்குப் பொய் சொல்ல வராது. 'ஏதோ சிக்கல்' என்று எழுதுகிறவனா நீ? எந்த எழுத்து உடைந்தது என்பது வரை எழுதுகிறவன்.

அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது?

கம்பெனியிலிருந்து நேற்று ஒருவர் நேரிலேயே வந்தார். கப்பலின் உயிர்காப்புப் படகு ஒன்று கிடைத்திருக்கிறது. உள்ளே யாரும் இல்லை. "காலியா இருக்கறது நல்லதுக்கும் இருக்கலாம்மா, யாரும் இறங்கவே வேண்டிய அவசியம் இல்லாம இருந்திருக்கலாம்" என்றார். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து போனார். அவளுக்கு இது தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

உடனே எழுது.

தங்கை

மார்ச் 11

தங்கச்சி,

நான்கு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு ஐந்தாவதில் எழுதுகிறேன்.

முந்நூறாவது துணுக்கு பொய். ஆசிரியர் அப்படி எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அறுபத்தெட்டாம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எட்டு வரி இடம் மிஞ்சியது. என்னிடம் துணுக்கு தீர்ந்துவிட்டது. அச்சுக்காரர் கதவருகே நின்று, "என்ன சார், பக்கத்தை முடிக்கலாமா?" என்றார். அதுவரை யாரும் சாகவில்லை. அப்படியொரு வாக்கு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. இருப்பதாகவே எழுதிவிட்டேன். படித்துவிட்டு இருபது பேர் நன்றி சொல்லிக் கடிதம் போட்டார்கள். அதற்குப் பிறகு மறுப்பு எழுத மனசு வரவில்லை. அடுத்தவர் பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

தொண்ணூற்று நான்கில் திருப்புளி சாகிறான். கப்பலுக்குள் வெள்ளம் ஏறுகிறது, அடைப்பானை மூட அவன் கீழே போகிறான், மேலே வரவில்லை. இரண்டு பக்கத்துக்கு நீளமாகப் பேசிவிட்டுப் போகிறான். கடைசிப் பக்கத்தில் வெறும் தண்ணீர். புரூஃப் மூன்று மாதம் முன்பே என் கைக்கு வந்தது. வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

உன் முதல் கடிதம் வந்த அன்று முதலாளியிடம் போய் ஒரு மாதம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். காரணம் கேட்டார். சொன்னேன். பாவமாகப் பார்த்துவிட்டு, "புத்தகம் பைண்டிங்குக்குப் போயாச்சு, நீங்க வேணா ரெண்டு நாள் லீவு எடுத்துக்கங்க" என்றார்.

நான் வந்து அவளிடம் நேரில் சொல்லட்டுமா? நீ சரி என்றால் நாளைக்கே கிளம்புகிறேன். காலிப் படகைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அதை நல்லபடியாக விளக்க எனக்குச் சுலபமாக வரும். அதனால்தான் விளக்காமல் விடுகிறேன்.

அண்ணன்

மார்ச் 13

அண்ணனுக்கு,

வர வேண்டாம்.

உங்களுக்கு மனசு அரிக்கிறது, இறக்கி வைக்க இடம் தேடுகிறீர்கள். அதற்கு என் பெண்தான் கிடைத்தாளா? இருபதாம் தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அந்த ஒரு வாரமாவது அவள் சாப்பிடட்டும். அதற்குள் போன் வந்தாலும் வரும். வராவிட்டால் பொய்யாவது மெய்யாவது, என்னவாக இருந்து என்ன.

அன்றைக்கு வாசலில் நீங்கள் கத்தியபோதுகூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. அன்று சொன்னது உங்கள் அபிப்பிராயம். இது அச்சில் வந்தது. அச்சில் வந்ததை நம்பாமல் என்ன செய்வது?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முந்நூறாம் நம்பரை நம்பியது அவள் மட்டும் இல்லை. மெழுகு உருகும் வரை சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்த வரியைத்தான் நானும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு வயதில், ஒரு படக்கதையின் கடைசிப் பக்கத்தை. சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள். நேற்று உங்கள் கடிதம் வந்ததிலிருந்து சொல்ல எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

பதில் எழுத வேண்டாம்.

மார்ச் 19

தங்கச்சி,

எழுத வேண்டாம் என்றாய். நேற்று நான் போனில் "இங்கதான் இருக்கா, பத்திரமா இருக்கா" என்றதும், லைனைப் பிடித்து வைக்கக் கூடாதென்று நீ வைத்துவிட்டாய். நடந்தது உனக்கு முழுதாகத் தெரிய வேண்டும்.

காலை பதினொரு மணிக்கு வாசல் ஊழியர் வந்து, "சார், உங்களைத் தேடி யூனிஃபார்மோட ஒரு பொண்ணு வந்திருக்கு, துணைக்கு யாரும் இல்லை" என்றார். இரண்டு பேருந்து மாறி வந்திருக்கிறாள். பையில் பாடப் புத்தகம் எதுவும் இல்லை. முதல் புத்தகமும் அந்த நோட்டும் மட்டும். மூன்று வருடத்தில் என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள்.

"எப்படி இருக்கீங்க" என்றுகூடக் கேட்கவில்லை. முதல் புத்தகத்தை என் மேசையில், புரூஃப் தாள்களின் மேல் வைத்தாள்.

"அட்டையில இருந்து அட்டை வரைக்கும் மூணு தடவை படிச்சுட்டேன் மாமா. முன்னுரை, வாசகர் கேள்வி, விலை போட்ட இடம் எல்லாம் பார்த்தாச்சு. அந்த வாக்கு எந்தப் பக்கத்துல இருக்கு?"

நீ அந்த ஒரு வாரத்தைக் கேட்டிருந்தாய். எனக்கு அது நினைவிருந்தது. "ஜப்பான் பதிப்புல இருக்கு" என்று சொல்லியிருந்தால் அவளால் சரிபார்க்க முடியாது. நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

"எந்தப் பக்கத்துலயும் இல்லை. நான் இட்டுக்கட்டினது" என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன். பேனா கேட்டாள். நோட்டைத் திறந்து முந்நூறின் மேல் அடிக்கோல் வைத்து ஒரு கோடு இழுத்தாள். பிறகு, "அப்போ திருப்புளி?" என்றாள். நான் இழுப்பறையைத் திறந்து கடைசி நாற்பது பக்கத்தைக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை மீறினேன், முதலாளியிடமும் சாயங்காலமே சொல்லிவிட்டேன். அவர் என்ன முடிவெடுத்தாலும் சரி.

நின்றுகொண்டே படித்தாள். கடைசித் தண்ணீர்ப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"எங்கப்பாவும் செத்துட்டாரா?"

"தெரியாதும்மா."

"தெரியாதுன்னா நிஜமாவே தெரியாதா? இல்ல முந்நூறு மாதிரியா?"

"நிஜமாவே தெரியாது. உங்கம்மாவுக்கும் தெரியாது. கம்பெனிக்கும் தெரியாது."

"படகு காலியா இருந்ததுன்னு டீச்சர் ஆன்ட்டி போன்ல பேசும்போது கேட்டேன். அம்மாகிட்ட சொல்லாதீங்க, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க."

சொல்லாதே என்றாள், நான் சொல்கிறேன். நீயும் அவளும் ஒரே வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு, தனித்தனியாகச் செத்துப் பிழைக்கிறீர்கள்.

பிறகு பசிக்கிறது என்றாள். என் டிபன் பாக்ஸைக் காலி செய்தாள். அதன் பிறகுதான் அழுதாள். நான் பேருந்தில் கூட்டிக்கொண்டு வந்தேன். உங்கள் தெருமுனை வரைக்கும் வந்தேன். வர வேண்டாம் என்று நீ எழுதியிருந்ததால் அங்கேயே நின்று, நீ கதவைத் திறப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மெலிந்துவிட்டாய்.

அண்ணன்

ஏப்ரல் 2

அண்ணா,

அவர் வீட்டில் இருக்கிறார். முன்னறையில் தூங்குகிறார். முதலில் இதை எழுதினால்தான் மற்றது எழுத வரும்.

இருபத்து நான்காம் தேதி நான் மதிய சாப்பாட்டுக்கு வந்திருந்தபோது போன் அடித்தது. எஞ்சின் நின்று, வானொலி செத்து, கப்பல் இருபத்தைந்து நாளாக மிதந்திருக்கிறது. இன்னொரு கப்பல் பார்த்து இழுத்து வந்திருக்கிறது. பத்தொன்பது பேரில் பதினாறு பேர் உயிரோடு. கம்பெனி ஆள் பதவி வரிசைப்படி பட்டியலை வாசித்தார். எஞ்சின் அறை கடைசியில். "அவர் பெயரை மட்டும் சொல்லுங்க" என்று கத்தினேன். "வரிசைப்படிதான்மா வாசிக்கணும்" என்றார். பதினைந்தாவதாக வாசித்தார். அரை நாள் பள்ளி முடிந்து வந்திருந்த அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று நீ கூட்டிக்கொண்டு வந்து விட்ட பிறகு நாங்கள் இரண்டு பேரும் எல்லாவற்றையும் பேசிவிட்டோம். அதனால்தான் அந்தப் பதினான்கு பெயரையும் தாங்க முடிந்தது.

இடது கை மணிக்கட்டு வரை கட்டு. இரண்டு விரல் இல்லை. வந்து மூன்று நாள் பேசவே இல்லை. கேட்டதற்குத் தலையாட்டுவார். அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து நீ செய்தது, தான் பேருந்து மாறிப் போனது எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு தொண்ணூற்று நான்கை மடியில் வைத்தாள். நான் பிடுங்கப் போனேன். அவர் வலது கையைக் காட்டி வேண்டாம் என்றார்.

நிதானமாகப் படித்தார். திருப்புளி பேசும் அந்த இரண்டு பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தினார். "தண்ணி ஏறும்போது எவனும் இவ்வளவு நீளமாப் பேச மாட்டான்" என்றார். வீட்டுக்கு வந்து அவர் பேசிய முதல் வாக்கியம்.

அதன் பிறகு சொன்னார். எஞ்சின் அறையில் இவரோடு ஒன்பது வருடம் ஒரே ஷிஃப்ட் பார்த்தவர் ஒருவர், எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவர், ஐம்பது தாண்டியவர். தண்ணீர் ஏறியபோது இவர் கை நசுங்கிவிட்டதால், இவருக்குப் பதில் அவர் அடைப்பானை மூடக் கீழே போனார். "டார்ச்சைக் கொடு" என்றார். இவர் கொடுத்தார். அவ்வளவுதான். அவர் மூடியதால்தான் கப்பல் மிதந்தது.

அவருடைய மனைவி இவருக்குக் கடிதம் போட்டிருக்கிறார். கடைசியாக அவர் என்ன சொன்னார் என்று கேட்டிருக்கிறார். "உங்களை நினைச்சுக்கிட்டே போனார்னு எழுதிடுங்க, எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க" என்கிறார் கம்பெனி ஆள். இவர் மூன்று நாளாகத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நேற்று, "உங்கண்ணனைக் கூப்பிடு, அவருக்குத்தான் எழுத வரும்" என்றார். "அவர் பொய் எழுதினவராச்சே" என்றேன். "அதனாலதான். எங்கே பொய் உள்ள வரும்னு அவருக்குத் தெரியும்" என்றார்.

எனக்கு உன் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. அதைத் தீர்த்து வை என்று உன்னைக் கேட்கவும் மாட்டேன். ஆனால் வா. 'டார்ச்சைக் கொடு' என்பதை ஒரு மனைவிக்கு எப்படி எழுதுவது?

தங்கை

ஏப்ரல் 5

தங்கச்சி,

சனிக்கிழமை காலை வருகிறேன். முதலாளி என்னைத் துணுக்குப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார். புரூஃப் வேலை இருக்கிறது. அது போதும்.

'டார்ச்சைக் கொடு' என்பதை அப்படியே எழுத வேண்டும். அதற்கு முன்னாலும் பின்னாலும் எழுத ஒன்பது வருடம் இருக்கிறது. அந்த மனிதர் ஷிஃப்ட்டில் எதற்கெல்லாம் எரிந்து விழுவார், எதைச் சொல்லிச் சிரிப்பார், மனைவியைப் பற்றி எப்போதாவது பேசியிருக்கிறாரா, பேசியே இருக்காவிட்டால் அதையும் மாப்பிள்ளை யோசித்து வைக்கட்டும். அவர் சொல்ல நான் எழுதுகிறேன். அவருக்குத் தெரியாததை நான் எழுத மாட்டேன். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்கட்டும்.

அவர் முகத்தை எப்படிப் பார்க்கப்போகிறேன் என்று பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் வருகிறேன்.

ஒன்று மட்டும் அவரிடம் கேட்டு வை. அந்த அம்மா தானே படிப்பாரா, யாராவது படித்துக் காட்டுவார்களா? படித்துக் காட்டுவதென்றால் வாக்கியங்களைச் சின்னச் சின்னதாக எழுத வேண்டும். படிக்கிறவருக்கு நடுவில் தொண்டை அடைத்தால் நிறுத்திக்கொள்ள இடம் இருக்க வேண்டும்.

அண்ணன்